மடக்கு போன் வாங்கலாமா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருச்சியில் வீடு கட்டும் காண்ட்ராக்ட் வேலை செய்கிறவன். இரண்டரை ஆண்டாக ஒரு மடக்கு போன் வைத்திருக்கிறேன். டீக்கடை, கல்யாணப் பந்தி, பேங்க் வரிசை என்று எங்கே அதைத் திறந்தாலும் பக்கத்தில் இருப்பவர் ஏதாவது கேட்பார். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி அலுத்துப்போய் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். என் போன் எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. அதன் குறைகளையும் எழுதப்போகிறேன், அது ஒரு கம்பெனியோடு நிற்கிற குறையும் இல்லை.

மடக்கு போன் என்று எதைச் சொல்கிறீர்கள்?

இரண்டு வகை உண்டு. சாதாரண போனைக் குறுக்கே மடக்கி பவுடர் டப்பி அளவுக்குச் சுருக்குவது ஒன்று; கேலக்ஸி இசட் ஃபிளிப், மோட்டோரோலா ரேசர் எல்லாம் அந்த ரகம். புத்தகம்போலத் திறந்தால் சின்ன டேப் ஆகிவிடுவது இன்னொன்று. சாம்சங் கேலக்ஸி இசட் ஃபோல்டு, கூகுள் பிக்சல் ஃபோல்டு, விவோ எக்ஸ் ஃபோல்டு, ஒன்பிளஸ் ஓப்பன் இந்த ரகம். என்னிடம் இருப்பது இரண்டாவது. இங்கே பேசுவதும் அதைப் பற்றித்தான். மூன்றாக மடிவதை ஹுவாவே 2024 செப்டம்பரில் சீனாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

விலை எவ்வளவு?

2025-இல் வந்த இசட் ஃபோல்டு 7-இன் அறிமுக விலை இந்தியாவில் ரூ.1,74,999. பிக்சல் 10 புரோ ஃபோல்டு ரூ.1,72,999. விவோ எக்ஸ் ஃபோல்டு 5 ரூ.1,49,999. அதே ஆண்டு சாம்சங்கின் மடங்காத உச்சப் போனான எஸ்25 அல்ட்ரா ரூ.1,29,999-க்கு வந்தது. அதோடு வைத்துப் பார்த்தால் மடங்குவதற்கு மட்டும் 45,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம்.

அதைக் கொடுத்துவிட்டு அல்ட்ராவைவிடச் சின்ன பேட்டரியும் சுமாரான ஜூம் கேமராவும்தான் வாங்குகிறோம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். எல்லாவற்றிலும் மேலானது கிடைக்கும் என்று நினைத்து வாங்குபவர்தான் ஆறு மாதத்தில் விற்கிறார்.

உண்மையிலேயே உபயோகம் உண்டா, இல்லை பந்தாவா?

முதல் மாதம் பந்தாதான். மறுக்க மாட்டேன்.

அதற்கப்புறம் என் விஷயத்தில் உபயோகம் வந்தது வீட்டு பிளான் வழியாக. ஆர்க்கிடெக்ட் அனுப்பும் வரைபடம் பெரும்பாலும் ஏ1 தாள் அளவில் பிடிஎஃப்பாக வரும். சாதாரண போனில் அதைத் திறந்து ஒரு தூணைப் பெரிதாக்கினால், அந்தத் தூண் எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி என்கிற எண் திரைக்கு வெளியே ஓடிவிடும். எண்ணைத் தேடிப் போனால் தூண் ஓடிவிடும். 8 அங்குல உள்திரையில் இரண்டும் ஒரே நேரத்தில் தெரியும். கம்பி கட்டுகிறவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, “சார், இந்த பீமுக்கு மேல 16 எம்எம் ரெண்டா மூணா?” என்று கேட்டால் திரையைக் காட்டினால் போதும். முன்பெல்லாம் காரில் சுருட்டி வைத்திருக்கும் தாளை எடுக்க ஓட வேண்டும்.

இரண்டாவது உபயோகம், திரையை இரண்டாகப் பிரிப்பது. இடப்பக்கம் கம்பிக் கணக்கு, வலப்பக்கம் கம்பிக் கடைக்காரரின் வாட்ஸ்அப். பார்த்துப் பார்த்து எழுதி அனுப்பலாம். சாதாரண போனிலும் திரையைப் பிரிக்கலாம்தான். ஆனால் கீபோர்டு மேலே வந்ததும் மிஞ்சுவது இரண்டு வரி.

மூன்றாவது, வாசிப்பு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இருக்கும் பழைய புத்தகங்கள் எல்லாம் ஸ்கேன் செய்த பக்கங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்கி வராது. பக்கத்தை அப்படியே முழுதாகத்தான் பார்க்க வேண்டும். போனில் அது கண்ணுக்குத் தண்டனை. இதில் ஒரு பக்கம் கிட்டத்தட்ட அச்சுப் புத்தக அளவில் நிற்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் நான் இந்தப் போனைத் திறப்பது இதற்காகத்தான்.

ஆக, நீங்கள் ஒரு நாளில் எத்தனை முறை உள்ளே திறப்பீர்கள் என்பதுதான் கேள்வி. போன் பேசவும் ரீல்ஸ் பார்க்கவும் வெளித்திரையே போதும்; அதற்கு ஒன்றே முக்கால் லட்சம் தேவையில்லை.

படம் பார்க்க பிரமாதமாக இருக்குமே?

இருக்காது. கடையில் யாரும் சொல்லாத விஷயம் இது. நான் ஸ்கேல் எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

உள்திரை ஏறக்குறைய சதுரம். படமோ நீளமானது. அதனால் மேலும் கீழும் தடித்த கறுப்புப் பட்டை விழும். ஃபோல்டு 7-இன் 8 அங்குலத் திரையைத் திருப்பி வைத்து டிவி வடிவ யூடியூப் வீடியோ பார்த்தால் படம் மூலைக்கு மூலை சுமார் 6.8 அங்குலம் வரும். 6.9 அங்குல அல்ட்ராவில் அதே வீடியோ சுமார் 5.9 அங்குலம். சரி, இதுவரை மடக்கு போனுக்கு லாபம். ஆனால் சினிமாஸ்கோப் படம் போட்டுப் பாருங்கள். அல்ட்ராவில் படத்தின் அகலம் சுமார் 6.3 அங்குலம், மடக்கு போனில் 5.9 அங்குலம். நம் தியேட்டர் படங்களில் பெரும்பாலானவை அந்த அகல வடிவத்தில்தான் எடுக்கப்படுகின்றன. பெரிய திரை வாங்கிவிட்டுச் சின்னப் படம் பார்ப்போம்.

பாதி மடக்கி லேப்டாப் மாதிரி மேசையில் நிறுத்திப் பார்க்கலாம் என்பது மட்டும் நிஜமான சௌகரியம். சாப்பிடும்போது தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைக்க வேண்டியதில்லை.

நடுவில் கோடு தெரிகிறதா?

தெரியும். திரை ஒளிர்ந்திருக்கும்போது நேரே பார்த்தால் மறந்துபோகும். அணைத்துவிட்டு டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தால் வாய்க்கால் மாதிரி தெரியும். கட்டைவிரல் குறுக்கே போகும்போது லேசாக இறங்கி ஏறும். பழகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள், பழகித்தான் விடுகிறது.

ஏன் வருகிறது என்றால், திரை பல படலங்களைப் பசையால் ஒட்டிய அடுக்கு. மடங்கும்போது ஒரு பக்கப் படலம் அமுங்கும், மறுபக்கப் படலம் இழுபடும். அந்த இடம் நாளாவட்டத்தில் தளர்கிறது. புது மாடல்களில் திரையைக் கூராக மடிக்காமல், கீலுக்குள் நீர்த்துளி வடிவத்தில் அகலமாகச் சுருளவிடுகிறார்கள். அதனால் தடம் குறைந்திருக்கிறது. இரண்டு பாதிக்கும் நடுவே முன்பு இருந்த இடைவெளியும் போனது. சாம்சங்கில் 2023-இன் ஃபோல்டு 5 முதல் போன் ஒட்டி மூடுகிறது.

இத்தனை முறை மடக்கினால் உடைந்துவிடாதா?

ஆரம்பத்தில் உடைந்ததுதான். 2019 ஏப்ரலில் முதல் கேலக்ஸி ஃபோல்டை விமர்சகர்களுக்குக் கொடுத்தபோது சில நாளிலேயே பல போன்களின் திரை போனது. மேலே இருந்த பாதுகாப்புப் படலத்தைச் சிலர் கடை ஸ்டிக்கர் என்று நினைத்து உரித்துவிட்டார்கள். சிலருக்குக் கீல் வழியாகக் குப்பை உள்ளே போனது. வெளியீட்டைத் தள்ளிவைத்து, ஓரங்களை மூடி, செப்டம்பரில்தான் விற்பனைக்கு விட்டார்கள்.

அந்த முதல் போனுக்கே 2 லட்சம் முறை மடக்கலாம் என்று கணக்குச் சொன்னார்கள். ஃபோல்டு 7-இன் திரைக்கு 5 லட்சம் என்கிறார்கள். நாளைக்கு 100 முறை திறந்தால்கூட 13 ஆண்டுக்கு மேல் வரும். அந்த எண்ணை நான் நம்புகிறேன். ஆனால் அது சுத்தமான அறையில், மெஷின் ஒரே சீராக மடக்கி எடுத்த எண். சல்லடையில் மணல் சலிக்கிற இடத்தில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மடக்கி மடக்கிப் போன போனை நான் பார்த்ததில்லை. விழுந்தோ தூசி புகுந்தோ போனவைதான்.

உள்திரை கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? டெம்பர்ட் கிளாஸ் ஒட்டலாமா?

இரண்டும்தான். முதல் ஃபோல்டில் வெறும் பிளாஸ்டிக். 2020-இல் இசட் ஃபிளிப் வந்தபோதுதான் மெல்லிய கண்ணாடி சேர்ந்தது. அதன் தடிமன் சுமார் 30 மைக்ரான், தலைமுடியில் ஏறக்குறைய பாதி. அதன் மேல் பிளாஸ்டிக் படலம். நம் விரல் படுவது அந்தப் பிளாஸ்டிக்கில்தான். அதனால் நகத்தை அழுத்தினால் தடம் விழும். சாவியோடு மூடினால் கதை முடிந்தது.

உள்ளே டெம்பர்ட் கிளாஸ் ஒட்டவே கூடாது. அது மடங்காது. கம்பெனி ஒட்டிய படலத்தையும் நீங்களாக உரிக்கக் கூடாது. தெருமுனை மொபைல் கடையில் “சார், இது பபுள் ஆயிருக்கு, புதுசு போட்டுத் தரேன்” என்பார்கள். போனைக் கையில் கொடுக்காதீர்கள்.

தண்ணீர், தூசி தாங்குமா?

மழைக்குப் பயப்பட வேண்டாம். தூசி, தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்று சொல்வது ஐபி மதிப்பு; சாம்சங்கில் 2021-இன் ஃபோல்டு 3-இலேயே ஐபிஎக்ஸ்8 வந்துவிட்டது. ஒன்றரை மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது கணக்கு. கடல் தண்ணீர் இதில் சேர்த்தியில்லை.

தூசிதான் எமன். அந்த ‘எக்ஸ்’ என்ற எழுத்துக்கு, தூசிக்குச் சோதனை மதிப்பே இல்லை என்று பொருள். ஃபோல்டு 6, 7 இரண்டிலும் ஐபி48. அதில் 4 என்பது ஒரு மில்லிமீட்டரைவிடப் பெரிய துகளைத் தடுக்கும் என்பதற்கான எண். எம்-சாண்ட் துகளில் பெரும்பகுதி அதைவிடப் பொடி. சிமென்ட் தூசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முழுதாகத் தூசி புகாத ஐபி68 மதிப்போடு வந்த முதல் மடக்கு போன் 2025-இன் பிக்சல் 10 புரோ ஃபோல்டு. அது 258 கிராம், கொஞ்சம் கனம். புழுதியில் வேலை செய்பவராக இருந்தால் அந்தக் கனத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்பேன்.

என் நிலைமையைப் பாருங்கள். இந்தத் திரை எனக்கு அதிகம் தேவைப்படுவது சைட்டில். அதைத் திறக்கவே கூடாத இடமும் சைட்தான். இப்போது செங்கல் ஷெட்டுக்குள் போய், கையைத் துடைத்துவிட்டு, திறக்கிறேன். மூடும் முன் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் ஒரு தடவை, கீல் பக்கம் ஒரு ஊதல். மேஸ்திரி இதற்குப் ‘பூஜை’ என்று பெயர் வைத்திருக்கிறார்.

உங்கள் போனுக்கு ஏதாவது ஆனதா?

ஆனது. பத்தொன்பதாவது மாதம், மடிப்புக் கோட்டில் அரிசி அளவுக்கு ஒரு குமிழ். படலம் உரியத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான், அதை மட்டும் மாற்றினால் போதும். நான் வேலை மும்முரத்தில் ஆறு வாரம் விட்டுவிட்டேன். குமிழ் கோட்டின் நீளத்துக்கு ஓடியது, அதற்குள் தூசி போனது. ஒரு நாள் காலை மூடியிருந்த போனைத் திறந்தேன், ‘டிக்’ என்று மெல்லிய சத்தம். மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு. மாலைக்குள் வலப்பாதி கறுப்பு.

சர்வீஸ் சென்டரில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, ஓரத்தில் சின்ன அடிபட்ட தடம் இருக்கிறது, இலவசமாகச் செய்ய முடியாது என்றார்கள். அந்தத் தடத்துக்கும் கோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பாலிசி என்றார்கள். திரை மாற்றச் சொன்ன தொகை ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. இரண்டு நாள் வெளித்திரையை வைத்து ஓட்டினேன், மூன்றாம் நாள் பணத்தைக் கட்டினேன்.

குமிழ் கண்ணில் பட்ட வாரமே போயிருந்தால் சில நூறு ரூபாயோடு முடிந்திருக்கும். அது என் தப்பு. மீதிக்கு நான் இன்னும் சமாதானமாகவில்லை.

அப்படியானால் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமா?

எடுக்க வேண்டும். கம்பெனியே தரும் திட்டத்தை எடுங்கள், போன் வாங்கும் அன்றே எடுங்கள். நாள் கடந்தால் சேர்க்க மாட்டார்கள். உள்திரை அதில் அடங்குமா, ஒரு முறை மாற்ற நம் கையிலிருந்து எவ்வளவு, எத்தனை முறை என்று மூன்று கேள்வி கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தையும் சேர்த்ததுதான் போனின் விலை.

கனமாக இருக்காதா? சட்டைப் பையில் நிற்குமா?

இந்தப் புகார் பழசாகிவிட்டது. ஃபோல்டு 6 மடித்தால் 12.1 மி.மீ. தடிமன், 239 கிராம். ஃபோல்டு 7 8.9 மி.மீ., 215 கிராம். அல்ட்ராவே 218 கிராம். கேஸ் போட்ட சாதாரண போனுக்கும் இதற்கும் கையில் வித்தியாசம் தெரியாது.

ஒரு கையாலேயே போன் பார்த்துப் பழகியவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை: பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் இதைத் திறக்க முடியாது. அங்கே வெளித்திரைதான் கதி. பழைய மாடல்களில் அந்த வெளித்திரை டிவி ரிமோட் மாதிரி ஒடுக்கம், டைப் அடித்தால் பக்கத்து எழுத்து விழும். 2025 மாடல்களில் அது சாதாரண போன் அகலத்துக்கு வந்துவிட்டது.

பேட்டரி, கேமரா?

ஃபோல்டு 7-இல் 4,400 எம்ஏஹெச், 25 வாட் சார்ஜிங். அல்ட்ராவில் 5,000, 45 வாட். உள்ளே நிறையத் திறந்தால் மாலை ஆறு மணிக்கு சார்ஜர் தேடுவீர்கள். விவோ எக்ஸ் ஃபோல்டு 5-இல் 6,000 எம்ஏஹெச் வைத்து, எடையை 217 கிராமிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். ஆக முடியாத காரியம் இல்லை, மனசுதான்.

கேமரா, மெல்லிய உடம்பில் தூரத்தை இழுக்கும் லென்ஸுக்கு இடம் இல்லாததால், ஜூமில் கொஞ்சம் பின்தங்கும். பதிலுக்கு ஒன்று கிடைக்கிறது: போனைத் திறந்து திருப்பிப் பிடித்தால் பின்பக்க நல்ல கேமராவிலேயே செல்ஃபி எடுக்கலாம், வெளித்திரையில் முகம் தெரியும். என் மகள் இந்தப் போனை மதிப்பது அதற்கு மட்டுமே.

ஆப்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா?

பெரும்பாலும். பெரிய திரைக்கென்று கூகுள் 2022-இல் ஆண்ட்ராய்டு 12எல் விட்ட பிறகு நிலைமை தேறியது. ஆனாலும் சில பேங்க் ஆப்கள் வெளியே தொடங்கி உள்ளே திறந்தால் ‘மறுபடி லாகின்’ என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஓடிபி வரும் நேரத்தில் போனைத் திறக்காதீர்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. தமிழ்99 கீபோர்டில் உயிரும் மெய்யும் தனித்தனிக் கட்டை, அதனால் சாதாரண போனில் கட்டைகள் கடுகு மாதிரி இருக்கும். உள்திரையில் விரல் நுனி அளவுக்கு விரிகின்றன. இந்தக் கட்டுரையில் பாதியை அப்படித்தான் அடித்தேன்.

காந்தம் இருக்கிறதாமே, ஆபத்தா?

மூடிய நிலையில் பிடித்துக்கொள்ள உள்ளே காந்தங்கள் உண்டு. பேஸ்மேக்கர் மாதிரி கருவி உடம்பில் வைத்திருப்பவர் இதை இடப்பக்கச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். காந்தப் பட்டை உள்ள கார்டுகளையும் கேஸில் செருக வேண்டாம்.

ஒரு நல்ல போன், ஒரு டேப் என்று தனித்தனியாக வாங்கினால் மிச்சம்தானே?

மிச்சம்தான். 2024-இல் வந்த 8.3 அங்குல ஐபேட் மினியின் ஆரம்ப விலை ரூ.49,900. ஐம்பதாயிரத்தில் நல்ல போன் ஒன்று சேர்த்தாலும் ஒரு லட்சத்துக்குள் முடியும். கெட்டிக் கண்ணாடி, கோடு கிடையாது. ஒன்று உடைந்தால் மற்றது இருக்கும். வீட்டிலோ மேசையிலோ வேலை செய்பவர் இதைத்தான் செய்ய வேண்டும்.

நானும் முதலில் அதைத்தான் செய்தேன். டேப் எப்போதும் காரில் கிடந்தது, அல்லது சார்ஜ் இல்லாமல் கிடந்தது. தேவைப்பட்ட நேரத்தில் கையில் இருந்தது ஒருமுறைகூட இல்லை. பாக்கெட்டில் இருப்பதுதான் உபயோகத்துக்கு வரும் என்கிற ஜாதி நான்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

விலை மளமளவென்று இறங்கும் என்பதால் ஆசையாகத்தான் இருக்கும். விற்பவருக்கு அது நஷ்டம், உங்களுக்கு லாபம். ஆனால் பகலில், வெளிச்சத்தில் பாருங்கள். மேசையில் வைத்துத் திறந்தால் முழுத் தட்டையாகப் படுக்க வேண்டும். ஒரு பக்கம் தூக்கி நின்றால் கீலோ பேட்டரியோ சரியில்லை. காதருகே வைத்து மெதுவாக மடக்குங்கள், மணல் அரைபடும் சத்தம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். திரையில் வெள்ளைப் படம் ஒன்று, கறுப்புப் படம் ஒன்று வைத்துக் கோடு, புள்ளி பாருங்கள். மடிப்பில் குமிழ் இருக்கிறதா என்று நகத்தால் இல்லாமல் விரல் சதையால் தடவுங்கள். வாரண்டி முடிந்ததை, எவ்வளவு சீப்பாக வந்தாலும், நான் தொட மாட்டேன்.

அடுத்ததும் மடக்கு போன்தானா?

ஆமாம். ஆனால் கான்கிரீட் போடும் நாளுக்கென்று பன்னிரண்டாயிரம் ரூபாய் போன் ஒன்றும் வாங்கிவிட்டேன். அது இரண்டு முறை ஜல்லி மேல் விழுந்தது. இன்னும் ஓடுகிறது.